சுழி போட்ட லேப்டாப்

உதவி செய்யத்தான் மீனா அதை அமுக்கினாள்.

இரண்டு மாதமாக அண்ணனின் லேப்டாப்பில் கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து வந்து நிற்கிறது. அவன் ஆப் எழுதுகிற மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டதாம். இப்போது போடவா, பிறகு பார்க்கலாமா என்று கேட்கும். முத்துகுமரன் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதை அமுக்கி, சோற்றுத் தட்டில் உட்கார வந்த ஈயைப் போல அதை விரட்டுவான். அவனுக்கு நேரமில்லை, அதனால் தள்ளிப்போடுகிறான் என்று மீனா நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விருந்தாளிகள் அவனைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். லேப்டாப் திறந்தபடி கிடந்தது. பெட்டி மறுபடியும் வந்து நின்றது. அவன் திரும்பி வரும்போது ஒரு வேலையாவது குறைந்திருக்கட்டும் என்று 'இப்போது' என்பதை அமுக்கினாள்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் அந்த வீடு சொந்தமில்லை. சாரல் விழுந்தது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த சனிக்கிழமை உறவு வந்து இறங்கிவிடும். கூடம் முழுக்கப் பாய். கொடி தாழ்ந்து தரையைத் தொடுகிற அளவுக்கு ஈரத் துண்டு. இந்த வாரம் சென்னையிலிருந்து விஜயசங்கர் சித்தப்பாவும் சித்தியும் அவர்களுடைய இரண்டு பையன்களும். வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போவது வீட்டில் இருக்கிற பையனின் பொறுப்பு. வீட்டில் இருந்தபடி வேலை பார்ப்பவனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது என்பதை யாரும் நம்புவதில்லை. கம்ப்யூட்டர்தானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்பார் சித்தப்பா. அதனால் முத்துகுமரனுக்குப் பகலெல்லாம் அருவி, ராத்திரியெல்லாம் வேலை. சீசன் தொடங்கியதிலிருந்து அவன் கண் சிவந்தே இருந்தது. பேசினால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வரும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி அவனை மூன்று மாதம் பார்ப்போம் என்று எடுத்திருந்தது. காய்கறிக் கமிஷன் கடைகளுக்காக ஒரு ஆப்; எடை, விலை, யார் சரக்கு என்று போனிலேயே பதிந்துகொள்ளலாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அதை ஒரு போனில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் மூன்று மாதத்தோடு சரி.

மீனாவுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்தாள். அண்ணன் அவளை அடித்ததும் இல்லை, பெரிதாக ஏசியதும் இல்லை. அவளுக்கு அந்தப் பயமில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சென்னை வேலை போய் அவன் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், மறுபடியும் போய்ச் சுவரைப் பார்ப்பான். அந்த நாட்களில் டிவியின் சத்தத்தைக்கூட அம்மா கூட்டவில்லை. அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பார். மீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அந்த அறையை எட்டிப்பார்ப்பாள்: அண்ணனின் முதுகுதான் தெரியும். அந்த முதுகை மறுபடியும் பார்க்க வேண்டிவருமோ என்பதுதான் அவள் பயம்.

புது வெர்ஷன் பாதி இறங்கியபோது காற்று ஒரு சுற்றுச் சுற்றிக் கரண்ட் போனது. சாரல் காலத்தில் எங்கேயாவது ஒரு கிளை கம்பியில் விழும், புதிதில்லை. நெட் நின்றது. கரண்ட் திரும்பி வந்ததும் அவள் அண்ணனின் வேலையைத் திறந்துபார்த்தாள். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. ஏதோ ஒரு கோப்பு முழுசாக வரவில்லை என்றது மென்பொருள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தப்புச் செய்த கை சும்மா இருக்காதே. போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாக ஒருவன் வேகமாகப் பேசினான்: எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு, எல்லாம் சரியாகிவிடும். எடுக்கும்போது பழைய செட்டிங்ஸையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. அவன் டிக் செய்தான். அவளும் டிக் செய்தாள். அதற்கப்புறம் இன்னொரு இடத்தில் போய் நான்கைந்து வரிகளை நீக்கச் சொன்னான், நீக்கினாள். புதிதாக இறக்கினாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது. சமையல்கட்டிலிருந்து அம்மா யோகலட்சுமி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

புது மென்பொருள் புதுச் சட்டை போட்டதுபோல வந்து நின்றது. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனாள். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் கீழே ஒரு சிவப்பு வரி: இன்ன இடத்தில் இன்ன கோப்பு இல்லை. மூடித் திறந்தாள். லேப்டாப்பையே அணைத்துப் போட்டாள். வேறொரு வீடியோ, வேறொரு ஆள், வேறொரு வழி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே வரி வந்தது. கடைசியில் கிறிஸ்டிக்குப் போன் போட்டாள்.

கிறிஸ்டி அவளோடு பத்தாவது வரை படித்தவள். அச்சன்புதூர்க்காரி, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். யார் அழுதாலும் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

"மொதல்ல அழுகைய நிறுத்துட்டி. அழுதுக்கிட்டே வாசிச்சா எனக்கு இங்கிலீஷ் புரியாது."

மீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு வரியை எழுத்து எழுத்தாக வாசித்தாள். சி டிரைவ். யூசர்ஸ். அடுத்து ஒரு கேள்விக்குறி. அப்புறம் ஏதேதோ.

"இரு இரு. கேள்விக்குறியா? அங்கன ஆள் பேருல்லா இருக்கணும். எனக்குன்னா கிறிஸ்டின்னு இருக்கும். ஒங்க லேப்டாப்புக்கு என்ன பேரு?"

லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் நடுவில் பெரிதாகத் தெரிகிற பேர்தான். தினமும் பார்த்துப் பார்த்து, அது ஒரு பேர் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

"உ," என்றாள்.

"என்ன உ?"

"பிள்ளையார் சுழி. அப்பா போட்டது."

அந்தப் பக்கம் கிறிஸ்டி சிரித்து முடிக்கும்வரை மீனா காத்திருந்தாள்.

அவள் அப்பா நமசிவாயம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கடையம் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. எதை எழுதினாலும் மேலே உ போடாமல் அவருக்குக் கை ஓடாது. பலசரக்குச் சீட்டுக்கும் உ. கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றியது என்று சுவரில் குறிப்பதற்கும் உ. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அந்த இரண்டு மாத முடிவில் ஒருநாள், அவராகவே போய் இந்த லேப்டாப்பை வாங்கி வந்தார். நல்ல நேரம் பார்த்து, மூடியில் சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் திறந்தார்கள். இதைப் பயன்படுத்தப் போவது யார் என்று அது கேட்டது. முத்துகுமரன் தன் பேரை அடிக்கப் போனான். தள்ளுலே என்று அவனை நகர்த்திவிட்டு, தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒற்றை விரலால் ஓங்கி ஒரே ஒரு எழுத்தை அடித்தார். லேப்டாப்பும் மறுப்புச் சொல்லாமல் அதையே பேராக வைத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் கழித்து அண்ணனும் சிரித்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்து வைப்பது அவர்தான். கடை திறப்பது மாதிரி. சுவிட்சை அமுக்கி, திரையில் அந்த உ வரும்வரை நின்று, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உக்காருல" என்பார். அப்புறம்தான் அண்ணன் உட்காருவான்.

கிறிஸ்டி இப்போது சிரிக்காமல் பேசினாள். இந்த மாதிரி மென்பொருள்கள் சிலதுக்குத் தமிழ் எழுத்து தொண்டையில் இறங்காது. அதுக்குப் பேரை வாசிக்கத் தெரியவில்லை, அதனால் கேள்விக்குறி போடுகிறது. கேள்விக்குறி என்று ஒரு ஃபோல்டர் கிடையாது, அதனால் இல்லை என்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் இன்னொரு பேர் போட்டுப் புதுசாக ஒரு கணக்குத் திறந்தால் ஓடிவிடும். ஆனால் இவ்வளவு நாள் எப்படி ஓடியது என்பதுதான் தனக்குப் புரியவில்லை என்றாள். அது மீனாவுக்கும் புரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அருவிக்குப் போனவர்கள் வந்து சேர்ந்தார்கள். மெயின் அருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடையாம். ஐந்தருவியில் வரிசையில் நின்று நின்று கால் போய்விட்டதாம். அதற்குப் பிறகும் விடாமல் பண்பொழி மலைக்கோயில்வரை போய்விட்டு வந்திருக்கிறார்கள். சித்தப்பா ஒரு பை நிறைய மங்குஸ்தானைக் கூடத்தில் கொட்டினார். முத்துகுமரன் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கண் லேப்டாப் இருந்த அறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு உட்கார வேண்டும் என்று சொன்னான். சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்றார் சித்தப்பா. சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடியும் கரண்ட் போனது.

தோசை சுடச் சுட எடுத்துக்கொண்டுபோய் வைத்தாள் மீனா. ஒவ்வொரு தோசைக்கும் சொல்லிவிடலாம் என்று போவாள். அண்ணனுக்குப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். கடைசியில், மாடியில் துண்டு காயப்போட வேண்டும், ஒரு கை கொடு என்று அவனைக் கூப்பிட்டாள். அதுவரை எந்த நாளும் அவனை அவள் துண்டு காயப்போடக் கூப்பிட்டதில்லை. அவன் ஒன்றும் கேட்காமல் வந்தான்.

தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அமுக்கியதை, டிக் செய்ததை, வரிகளை நீக்கியதை, கேள்விக்குறியை. ஊர் முழுக்க இருட்டு. தகரத்தில் சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் கையில் இருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான்; அதில் தண்ணீர் வருவது நின்று நேரமாகியிருந்தது.

"அந்தச் சுழிதான் காரணம்னு எனக்குத் தெரியும்ட்டி," என்றான்.

வாங்கிய வாரமே தெரிந்துவிட்டதாம். அதனால்தான் எல்லாவற்றையும் டி டிரைவில் வேறு இடம் பார்த்து வைத்திருந்தான். மென்பொருளின் ஒவ்வொரு உறுப்புக்கும், உன் வீடு இதில்லை, அங்கே போ என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தான். அவள் நீக்கியது அந்த வரிகளைத்தான். எதைப் புதிதாகப் போட்டாலும் முதலில் ஒரு பொழுது அதற்கே போய்விடும். அதனால்தான் 'பிறகு' 'பிறகு' என்று அமுக்கிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லும்போதும் அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

லேப்டாப்பை மாடிக்கு எடுத்து வந்து, மிச்சமிருந்த சார்ஜில் உட்கார்ந்தான். நீக்கிய வரிகளை மறுபடியும் எழுதினான். மீனா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். நான்கு உறுப்புகள் சொன்னபடி டி டிரைவுக்குப் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. பழைய வெர்ஷனில் அதற்கும் வழி இருந்தது. புதிதில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். எப்படிச் சொன்னாலும் அது சி டிரைவ், யூசர்ஸ், கேள்விக்குறி என்றே போய் முட்டிக்கொண்டு நின்றது. பழையதையே மறுபடியும் இறக்கலாம் என்றால் நெட் இல்லை; காலையில் வந்தாலும், அதைத் தேடி இறக்கி இந்த வரிகளோடு மறுபடியும் மல்லுக்கட்டப் பத்து மணி பத்தாது. அவன் போனில் இருந்த டேட்டாவைச் சித்தப்பா பையன்கள் வண்டியிலேயே தீர்த்திருந்தார்கள், அவளுடையது வீடியோக்களில் தீர்ந்திருந்தது.

"எண்ணே, இன்னொரு பேர்ல புதுசாத் தொறந்தா ஓடும்னு கிறிஸ்டி சொன்னா."

"ஓடும்."

"அப்பம் தொறக்க வேண்டியதுதான?"

"காலைல அப்பா வந்து நிப்பாரு. உ வராது. என்னன்னு கேப்பாரு. ஒங்க சுழிதான் எனக்கு இடைஞ்சல்னு சொல்லச் சொல்லுதியா?" திரையைப் பார்த்தபடியே, "சென்னைல சுழி போடாம ஆரம்பிச்சேன், அதான் வேலை போச்சுன்னு நெனைக்காரு. அவருக்கு அது ஒண்ணுதான் காரணமாத் தெரியுது. அதையும் பிடுங்கிக்கிட்டா?" என்றான்.

பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. அவன் மூடியைச் சாத்தினான். காலையில் போன் போட்டு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிடுகிறேன், நீ போய்ப் படு என்றான். அவளைப் பார்த்துச் சிரிக்க முயற்சிகூடச் செய்தான். கீழே வந்து, சித்தப்பா பையன்களைத் தாண்டிப் போய், தன் பாயில் படுத்தான். சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

மீனா நிலைப்படியில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள்.

மெயின் அருவியில் தடையை எடுத்துவிட்டார்கள் என்று யாருக்கோ செய்தி வந்திருந்தது. கூட்டம் சேர்வதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே வீடு கிளம்பியது. சித்தப்பா குடும்பமும் அம்மாவும் காரில். அப்பா தன் ஸ்கூட்டரில். நானும் வருகிறேன் என்று மீனா வந்து பின்னால் ஏறியதும் அப்பா திரும்பிப் பார்த்தார். குளிர் என்றால் போர்வைக்குள்ளேயே கிடக்கிற பிள்ளை.

குற்றாலத்தில் இறங்கியபோதே அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. அம்மாவும் சித்தியும் பெண்கள் பக்கம் போனார்கள். பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மீனா படியில் உட்கார்ந்தாள். அப்பா சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயைத் தலையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். சித்தப்பா எண்ணெய் வேண்டாம் என்று நேரே தண்ணீருக்குள் போய்விட்டார்.

"எப்பா, லேப்டாப்ல அந்த உ-வை எடுக்கணும்."

"என்னது? சத்தமாச் சொல்லுட்டி, கேக்கல."

ராத்திரியெல்லாம் மெதுவாக எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் அங்கே உதவவில்லை. கத்தினால்தான் கேட்கும். மீனா கத்தினாள். தான் அமுக்கியதை, அழித்ததை, அந்த ஒரு எழுத்து மென்பொருளுக்கு இறங்காததை, இன்றைக்குப் பத்து மணியை, அண்ணன் சொன்னதை, அவரிடம் சொல்ல அவன் தயங்கியதை. துண்டோடு போன ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் காதோரம் வழிந்து தோளில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"ஒத்த எழுத்தா?"

"ஆமாப்பா."

"வாங்குன நாள்லேர்ந்து அவன் இதைச் சுத்திக்கிட்டா போறான்?"

அவள் தலையாட்டினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலப்பா."

அப்பா அருவியைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை, அவ்வளவு இரைச்சலிலும் ஒரு எழுத்து விடாமல் மீனா கேட்டாள்.

"அவன் சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தான்லா, அப்பம் பட்டத விடவாட்டி?"

சட்டையை வாங்கி எண்ணெய் உடம்பின் மேலேயே போட்டுக்கொண்டார். குளிக்காமலா என்று அவள் கேட்டாள். அவர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்; பைகளைச் சித்தப்பா பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். இந்தச் சீசனில் குற்றாலத்துக்கு வந்து, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் திரும்பிய ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஸ்கூட்டரில் அவர் முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது. நல்லெண்ணெய் வாசமும் சாரலும் மீனாவின் முகத்தில் அடித்தன. வழியில் ஒரு டீக்கடையில் விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முத்துகுமரன் எழுந்திருந்தான். கையில் போன். கம்பெனிக்கு என்ன சொல்வது என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான் போலும். அப்பா நேரே போய் சார்ஜரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தார். உ வந்தது. இன்றைக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை. கை முழுக்க எண்ணெய்.

"உக்காருல. ஒம் பேரப் போட்டுத் தொற. இங்கிலீஷ்லயே போடு."

அண்ணன் மீனாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"எப்பா, அது வந்து..."

"அவ சொல்லிட்டா. பிள்ளையாரு என்ன, கோர்ட்டுக்கா போகப் போறாரு? உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தான். புதுக் கணக்கு, என்ன பேர் என்று திரை கேட்டது. அவன் விரல்கள் அங்கேயே நின்றன. அப்பா தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை தாண்டியிருந்தது. பக்கத்திலேயே நாள்காட்டி. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். அந்த வீட்டில் மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுப்பதைக்கூட அந்த நேரத்தில் தொடங்கமாட்டார்கள். மீனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் பார்த்தான். அப்பா நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அடிலே. பாத்துக்கிட்டே இருந்தா தானா வருமா?" என்றார்.

அடித்தான். வெறும் பத்துப் பன்னிரண்டு இங்கிலீஷ் எழுத்து.

அதற்கப்புறம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. நீலக்கோடு நத்தைபோல நகர்ந்தது. அருவிக்குப் போனவர்கள் வந்ததும் நெட் இன்னும் மெதுவானது. அப்பா கூடத்துக்குப் போனார். சித்தப்பா பையன்கள் இரண்டு பேரின் போனையும் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் போனையும் கேட்டார். சித்தப்பா சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொடுத்துவிட்டார். எண்ணெய்த் தலையோடு மூன்று போன்களைச் சுமந்துகொண்டு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவரை, குளிக்கப் போன இடத்தில் குளிக்காமல் வந்திருக்கிறீர்களே, சளி பிடித்தால் யார் பார்ப்பது என்று அம்மா ஏசினாள்.

வட்டம் சுற்றியது. மீனா திரையைப் பார்க்கவில்லை. அண்ணனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அது விறைத்தே இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது. அவன் மேஜையில் இருந்த போனை எடுத்துக் காட்டினான். கத்தரிக்காய்ப் படம் போட்ட ஒரு சின்னப் பச்சைக் கட்டம். அமுக்கினால் திறந்தது.

பத்து மணிக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளேயிருந்து இங்கிலீஷும் தமிழும் கேட்டன; வார்த்தை புரியவில்லை. நடுவில் ஒரு தடவை நெடுநேரம் சத்தமே இல்லை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்த சித்தி பாதியில் நிறுத்திவிட்டாள்.

கதவு திறந்தது. அண்ணன் வாசலில் நின்றான். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்தில் மாற்றித் தரச் சொல்கிறார்கள் என்றான்.

"அப்பம் வேலை?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. நிரந்தரம்னுதான் சொல்லியிருக்காங்க."

யாரும் கைதட்டவில்லை. அம்மா ஈரத் துண்டுகளை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். படியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா போன்களை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தார். குழாய்த் தண்ணீரில் சீயக்காய் போட்டுத் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

கொஞ்சநேரம் கழித்து மீனா அறையை எட்டிப்பார்த்தாள். பழக்கம். அண்ணன் பாயில் விழுந்து கிடந்தான், சட்டையைக்கூட மாற்றவில்லை. முகம் இந்தப் பக்கம் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

சித்தப்பா கையில் கார்ச் சாவியோடு வந்தார். மத்தியானம் பழைய குற்றாலம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும், அண்ணனை எழுப்பு என்றார்.

"அண்ணன் தூங்குதான் சித்தப்பா," என்றாள் மீனா.

சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.